வீட்டுக் கம்பியூட்டருக்கு எத்தனை ஜிபி றாம் வேண்டும்?

கம்பியூட்டர் இழுபடுகிறது என்றதும் பலருடைய வாயிலும் முதலில் வருவது “றாமைக் கூட்டிப் போடுங்கோ” என்பதுதான். றாம் என்பது கம்பியூட்டர் வேலை செய்யும்போது தகவலை வைத்திருக்கும் தற்காலிக மெமறி. சில வீடுகளில் அது சரியான மருந்து. வேறு சில வீடுகளில் பழைய ஹாட் டிஸ்க் சாகக் கிடக்கும். அங்கே 8 ஜிபியை 16 ஆக்கினாலும் இழுவை அப்படியே இருக்கும். 2025 கடைசியில் மெமறி சில்லுகளின் விலை உலகம் முழுக்க ஏறிய பிறகு, தேவையில்லாமல் வாங்குவது கையைச் சுடும். அதனால் கடைக்குப் போக முன் வீட்டில் அளந்து பாருங்கள். அரை மணித்தியாலமும் ஒரு பேனையும் போதும்.

வீட்டில் கம்பியூட்டர் ஆகக் கூடப் பாடுபடும் நேரத்தில் அளக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அது பெரும்பாலும் பின்னேரம்: ஸூமில் ரியூசன் வகுப்பு, பின்னால் நாலைந்து பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப், குறோமில் இருபது பக்கம், மூலையில் வாட்ஸ்அப். அளக்க முன் மெசினை ஒருக்கால் ‘றீஸ்டார்ட்’ பண்ணுங்கள். ‘ஷட் டவுன்’ பண்ணிப் போட்டால் போதாது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி உள்ளே இருக்கும் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து அடுத்த முறை அப்படியே திருப்பி எடுக்கும். பிறகு வழமையான வேலைகள் எல்லாவற்றையும் திறந்து அரை மணித்தியாலம் வேலை செய்ய விடுங்கள். அதன் பின் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபோமன்ஸ்’, அதற்குள் ‘மெமறி’.

‘இன் யூஸ்’, ‘அவைலபிள்’, ‘கொமிட்டட்’ என்ற மூன்று எண்களையும் எழுதுங்கள். 8 ஜிபி உள்ள மெசினில் இன் யூஸ் 6.9, அவைலபிள் 0.9, கொமிட்டட் 11.2/13.0 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். கொமிட்டட்டில் முதல் எண், திறந்திருக்கும் புறோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கிய மெமறி. இரண்டாவது எண், றாமும், றாமுக்குக் கைகொடுக்க டிஸ்க்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்த இடம். இந்த மெசினில் கேட்டது 11.2, கையில் இருப்பது 8. மிச்சத்தில் உண்மையில் பாவிக்கப்படும் பகுதியை விண்டோஸ் சுருக்கி வைக்கிறது அல்லது டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. றாமில் இருந்து ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 100 நானோ செக்கன் போகும். சுழலும் ஹாட் டிஸ்க்கில் அதே துண்டைத் தேட ஏறத்தாழ 10 மில்லி செக்கன். அதாவது ஒரு லட்சம் மடங்கு. ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறும்போது திரை உறைந்து, டிஸ்க் விளக்கு விடாமல் மினுங்குவது இதனால்தான்.

புறோகிராம்கள் கேட்டு வாங்கியதை முழுவதும் தொடுவதில்லை. எனவே கொமிட்டட் எண் றாமைக் கொஞ்சம் தாண்டினால் பதற வேண்டாம். ஒன்றரை மடங்கை நெருங்கி, அவைலபிள் 1 ஜிபிக்குக் கீழேயும் போனால் றாம் காணாது. சந்தேகம் இருந்தால் ‘றிசோஸ் மொனிட்டர்’ திறந்து மெமறிப் பகுதியில் ‘ஹாட் ஃபோல்ட்ஸ்’ கோட்டைப் பாருங்கள்; றாமில் இல்லாததை டிஸ்க்கில் தேடிப் போகும் தடவைகளை அது காட்டும். ஒரு புறோகிராம் திறக்கும்போது அது துள்ளுவது இயல்பு. ஒன்றும் திறக்காமல் இருக்கும்போதும் நூற்றுக்கணக்கில் நின்றுகொண்டே இருந்தால் நோய் அதுதான். மாறாக, அவைலபிள் 3 ஜிபி இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் நிற்கிறது என்றால், காசை எஸ்எஸ்டி எனப்படும், சுழலாத வேகமான டிஸ்க் ஒன்றுக்குப் போடுங்கள்.

இன்னொரு குழப்பம் உண்டு. “பக்கத்து வீட்டு மெசின் சும்மா நிற்க 2.5 ஜிபிதான் காட்டுகிறது, எங்களுடையது 5 ஜிபி காட்டுகிறது, வைரஸோ?” றாம் கூட உள்ள மெசினில் விண்டோஸ் கூடத்தான் எடுக்கும்; சும்மா கிடக்கும் மெமறியில் அடிக்கடி தேவைப்படுவதை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கும். கேட்கும்போது விட்டுக்கொடுக்கும். ஆகவே இரண்டு மெசின்களின் இன் யூஸ் எண்ணை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

புதிதாக வாங்குபவர்களிடம் அளக்க மெசின் இருக்காது. அவர்களுக்கு எங்கள் கணக்கு இது. 4 ஜிபியை விண்டோஸ் 11 குறைந்தபட்சமாக ஏற்றுக்கொள்ளும்; ஆனால் குறோமையும் வேர்டையும் ஒன்றாகத் திறந்தாலே மூச்சு முட்டும். 4 ஜிபி மட்டுமே கொள்ளும் பழைய மெசின் கையில் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுப் பாவியுங்கள், நல்ல ஆயுள் கிடைக்கும். ஒரு ஆள் படிக்கவும் கடிதம் அடிக்கவும் வீடியோ பார்க்கவும் 8 ஜிபி காணும். உயர்தரத்தில் ஐசிடி செய்யும் பிள்ளையின் பைதன், டேட்டாபேஸ், வெப் பக்கம் எல்லாமும் அதற்குள் அடங்கும். இன்று புது மெசினுக்குக் காசு கொடுப்பதென்றால் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், முக்கியமாக றாம் மதர்போட்டிலேயே ஒட்டி வரும் மெல்லிய லப்டொப்புகளில். அவற்றில் பிறகு கூட்டவே முடியாது. திருகோணமலையில் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கம்பியூட்டர் படிக்கப் போகும் பிள்ளைக்கும் 16 தான்: மெசினுக்குள் இன்னொரு மெசினை ஓட்டும் வேர்ச்சுவல் பொக்ஸில் உபுண்டு ஒன்றுக்கு 4 ஜிபி ஒதுக்கினால் அது அப்படியே போய்விடும், அன்ட்ரொயிட் எமுலேட்டர் வேறு.

ஒரே மெசினை நாலு பேர் பாவிக்கும் வீட்டில் ஒரு விசயம் கவனியுங்கள். அண்ணா தன் கணக்கை ‘சைன் அவுட்’ செய்யாமல் ‘சுவிட்ச் யூசர்’ கொடுத்துத் தங்கச்சிக்கு விட்டால், அவர் திறந்து வைத்த எல்லாம் றாமிலேயே இருக்கும். காணாது என்று நினைத்த 8 ஜிபி, ஒழுங்காகச் சைன் அவுட் செய்யப் பழகினதும் போதுமாகிவிடும்.

கலியாண அல்பம் வடிவமைப்பவர்களுக்கு வேறு கணக்கு, அதைக் காகிதத்திலேயே போடலாம். 12க்கு 36 அங்குல விரிப்பு, 300 டிபிஐ என்றால் 3600க்கு 10800 பிக்சல், ஏறத்தாழ 3.9 கோடி. ஒரு பிக்சலுக்கு நிறத்துக்கு மூன்றும் ஊடுருவலுக்கு ஒன்றுமாக 4 பைட். ஒரு முழு லேயருக்கு ஏறத்தாழ 155 எம்பி. இருபது லேயருக்கு 3 ஜிபி. 16 பிட்டில் வேலை செய்தால் இரட்டிப்பு. இதற்கு மேல் ஃபோட்டோஷொப் பின்னோக்கிப் போவதற்காக வைத்திருக்கும் பழைய நிலைகள். அமைப்பை மாற்றாவிட்டால் அது றாமில் 70 வீதம் வரைதான் எடுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் 16 ஜிபி அடிமட்டம், 32 இருந்தால் நிம்மதி. 4கே வீடியோ வெட்டுபவர்களுக்கும் 32.

அளவு முடிவானதும் மெசினில் என்ன கொள்ளும் என்று பாருங்கள். அதே மெமறிப் பக்கத்தில் ‘ஸ்லொட்ஸ் யூஸ்ட்’ என்பதில் 1 ஒஃப் 2 என்று இருந்தால் ஓர் இடம் காலி. 8 ஜிபி போட்டும் 5.9 தான் பாவிக்கலாம் என்று காட்டினால், றைசன் புறோசசர் உள்ள மெசின்களில் 2 ஜிபியைத் திரைக்கென பயோஸ் (மெசின் தொடங்கும்போது முதலில் ஓடும் புறோகிராம்) ஒதுக்கியிருக்கும், அதைக் குறைக்கலாம். 3 சொச்சத்தில் நின்றால் உள்ளே 32 பிட் விண்டோஸ் இருக்கக்கூடும். எத்தனை ஜிபி போட்டாலும் அது 4 ஜிபிக்கு மேல் எடுக்காது, 64 பிட் போட வேண்டும். பாவித்த மெசின்களில் அடிக்கடி காணும் எச்61 மதர்போட்டில் இரண்டு ஸ்லொட், மொத்தம் 16 ஜிபி, அவ்வளவுதான்.

றாம் கார்ட்டின் தலைமுறைகளான டிடிஆர்3, 4, 5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கீழே உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், அழுத்தி ஏற்ற நினைக்காதீர்கள். லப்டொப் கார்ட் நீளத்தில் அரைவாசிதான். டிடிஆர்3 காலத்து லப்டொப்புகளில் நாலாம் தலைமுறை இன்டெல் முதலானவை டிடிஆர்3எல் எனப்படும் 1.35 வோல்ட் கார்ட் கேட்கும், 1.5 வோல்ட் கார்ட்டில் திரை வராமல் போகலாம். ஸ்டிக்கரில் பிசி3-12800 என்று இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். 1600 வேகத்தை 8ஆல் பெருக்கிய எண் அது. வேகம் வேறான இரண்டு கார்ட்டைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும், பழுதில்லை. தனி கிறாபிக்ஸ் கார்ட் இல்லாத மெசினில் ஒரு 16ஐ விட இரண்டு 8 நல்லது. திரைக்கும் அதே றாம்தான் பாதை, இரண்டு பாதை கிடைத்தால் படம் இலகுவாக ஓடும்.

விலை ஆச்சரியமாகக் குறைந்திருந்தால் நிதானியுங்கள். ‘ஏஎம்டி மட்டும்’ என்று விற்கும் டிடிஆர்3 கார்ட்டுகள் இன்டெல் போட்டில் வேலை செய்யாது. ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்4 என்று கண்டால் அது பெரும்பாலும் சேர்வரில் கழற்றியது, வீட்டுப் போட் அதை ஏற்காது. வீட்டுக்குரியது 1ஆர்எக்ஸ்8 அல்லது 2ஆர்எக்ஸ்8 என்று இருக்கும். புதிய சிலவற்றில் 1ஆர்எக்ஸ்16. கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பதானால் முதலில் ஸ்டிக்கரின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

மாட்டுவது கஷ்டமான வேலை இல்லை. வயரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். லப்டொப் என்றால் பற்றறியையும் கழற்றிய பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்ட்டை ஓரத்தில் பிடித்து எடுங்கள். வெட்டைப் பொருத்தி இரண்டு முனையிலும் பெருவிரலால் அழுத்தினால் ‘டக்’ என்று கொக்கி தானாக எழும்பிப் பிடிக்கும். அந்தச் சத்தம் வராவிட்டால் இன்னும் ஏறவில்லை. நாலு ஸ்லொட் உள்ள போட்டில் இரண்டு கார்ட் போடுவதென்றால், பெரும்பாலும் புறோசசரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். டிடிஆர்5 மெசின் முதல் தடவை சில நிமிடம் கறுப்புத் திரையில் நிற்கலாம். தன்னைச் சரிசெய்துகொள்கிறது, நிறுத்திவிடாதீர்கள்.

மூன்று பக்கமும் கடல் உள்ள ஊர் எங்கள் திருகோணமலை. உப்புவெளியிலோ டச் பே பக்கமோ யன்னலைத் திறந்து வைத்துப் பாவிக்கும் மெசினில், வாடைக் காற்றுக் காலம் முடிய, கார்ட்டின் தங்க நிறப் பற்களில் மங்கலான ஒரு படலம் ஏறியிருக்கும். நேற்று வேலை செய்த மெசின் இன்று பீப் அடித்துத் திரை காட்டாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கார்ட்டைக் கழற்றி, வெள்ளை அழிறப்பரால் பற்களை நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள், தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சே போய்விடும்.

புதுக் கார்ட் போட்ட அன்றிரவே றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புறோகிராமைப் பென்டிறைவில் ஏற்றி நாலு சுற்றும் ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் சரி, அதை ஏற்கக் கூடாது. ஆனால் திருப்பிக் கொடுக்க முன் அதே கார்ட்டை மற்ற ஸ்லொட்டில் போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். அங்கேயும் பிழை என்றால் கார்ட் பழுது, அதைக் கடைக்குக் கொண்டு போங்கள். அங்கே பிழை இல்லாமல் ஓடினால் பழுது பெரும்பாலும் ஸ்லொட்டில். எத்தனை கார்ட் மாற்றினாலும் போகாது.