தங்கும் வீட்டுக்குக் கைம்மாறு: உறை வேண்டாம், கேஸ் தோம்பு போதும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வந்து, ஒரு குடும்பத்தோடு தங்குகிறீர்களா? கிளம்பும் நாளில் பணத்தை உறையில் போட்டு நீட்டாதீர்கள். வீட்டில் கேஸ் தீரும்போது அடுத்த தோம்புக்கு (சிலிண்டருக்கு) நீங்கள் காசு கட்டிவிடுங்கள்.

"பிள்ளைகளுக்காக வந்தவங்ககிட்ட காசா?" என்று வீட்டுக்கார அக்கா உறையைத் திருப்பிவிடுவார். ஆனால் ஆள் ஒன்று கூடினால் கேஸும் அரிசியும் சீக்கிரம் கரையும். மானிய விலையில் 14 கிலோ தோம்பு 26.60 வெள்ளிதான் (ரிங்கிட்), வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தால் கொஞ்சம் கூடும். கடையில் முன்பே கட்டிவிட்டால், வாசலில் வந்து இறங்கிய தோம்பை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். அரிசி என்றால் வீட்டில் இருக்கும் பையைப் பார்த்து அதே ரகம் வாங்குங்கள். புழுங்கலைத் தவிர வேறு தொடாத வீடுகள் உண்டு. வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சாக்லெட் வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளையும் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும், மற்ற பிள்ளைகளுக்கு விஷயம் மறுநாளே தெரிந்துவிடும்.

உங்களை அனுப்பிய அமைப்பே அந்தக் குடும்பத்துக்கு மாதச் செலவு கொடுத்தால் இது தேவையில்லை. வாடகை பேசித் தங்கும் ஹோம்ஸ்டே என்றால் பேசிய காசைக் கொடுங்கள், அவ்வளவுதான். இன்னொன்று: மளிகைக்கடையில் அவர்களுக்குப் பழைய பாக்கி இருப்பது காதில் விழுந்தாலும் அதை அடைக்கப் போகாதீர்கள். அது அவர்கள் வீட்டு விஷயம்.