காலனிய காலப் போர்ப் படங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ‘ஜூலு’ படத்தை முன்வைத்து

போன மாதம் எங்கள் திரைப்படக் கழகத்தில் ‘ஜூலு’ போட்டோம். 1964இல் வந்த பிரிட்டிஷ் படம், சை எண்ட்ஃபீல்ட் இயக்கியது, ஸ்டான்லி பேக்கரும் அப்போது பெரிய பெயர் எடுத்திராத மைக்கேல் கெய்னும் நடித்தது. 1879 ஜனவரி 22 மாலையிலிருந்து மறுநாள் விடியும்வரை தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் நடந்த சண்டைதான் கதை. நோயாளிகளையும் சேர்த்துச் சுமார் 150 பிரிட்டிஷ் வீரர்கள் ஒரு பக்கம், 3,000 முதல் 4,000 வரை ஜூலு வீரர்கள் மறுபக்கம். விளக்கைப் போட்டதும் பாதிப் பேர் “இதைவிட நல்ல போர்ப்படம் கிடையாது” என்றார்கள், மீதிப் பேர் “வெள்ளைக்காரன் பெருமை பேசும் படம், இதை ஏன் போட்டீர்கள்” என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த நான்கைந்து இளைஞர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாடியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தைகள், நான் செய்த அதே தவறுகள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஸ்பாய்லர் சொல்லாதே, பார்க்காமல் விமர்சிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் போகவில்லை.

துப்பாக்கி மாடல், சட்டைப் பொத்தான் தவறுகளை எண்ணிக்கொண்டிருப்பது

வேண்டாம். அதைச் சரியாகச் செய்த படமும் பெரிய பொய்யைச் சொல்ல முடியும்.

கதை எந்த நாளில் தொடங்குகிறது என்று பார்க்காமல் கட்சி சேர்வது

எனக்கு இன்றுவரை ஆறாத தவறு இதுதான், எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படம் எப்படித் தொடங்குகிறது? அதே ஜனவரி 22 பகலில் ஜூலுக்கள் பிரிட்டிஷ் படையை முறியடித்த இசாண்டில்வானா போர்க்களம். புகை, பிணங்கள், செத்துக் கிடக்கும் சிவப்புச் சட்டைக்காரர்களின் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போகும் ஜூலு வீரர்கள். பின்னணியில் ரிச்சர்ட் பர்ட்டனின் குரல், தோல்வியை லண்டனுக்கு அறிவிக்கும் பிரிட்டிஷ் தளபதி செல்ம்ஸ்ஃபோர்ட் பிரபுவின் அறிக்கையை வாசிக்கிறது. 1,300க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் செத்துவிட்டார்கள் என்று நமக்கு முதல் நிமிஷத்திலேயே பயம் பிடித்துவிடுகிறது. அப்புறம் ஜூலு அரசர் செட்ஷ்வாயோவின் முன்னால் பெரிய திருமணக் கூட்டம், அங்கே வெற்றிச் செய்தி வருகிறது, ஒரு பெரும்படை கிளம்புகிறது. அதற்குப் பிறகு நாம் அந்தச் சிறிய மிஷன் கட்டடத்துக்குள்ளே போய்விடுகிறோம், சோளமூட்டை அடுக்குகிறவர்களோடு சேர்ந்து நாமும் அடுக்குகிறோம். படம் முடிகிறவரை அந்த மதிலுக்கு வெளியே வருவதில்லை. முற்றுகையில் சிக்கியவன் பக்கம்தான் மனசு நிற்கும், யாருக்கும் அப்படித்தான்.

ஆனால் கதையைப் பதினோரு நாள் முன்னால் தொடங்கிப் பாருங்கள். ஜனவரி 11 அன்று செல்ம்ஸ்ஃபோர்டின் நடுப்படை பஃபலோ ஆற்றைக் கடந்து ஜூலு நாட்டுக்குள் நுழைகிறது. எந்த இடத்தில் கடக்கிறது? இதே ரோர்க்ஸ் டிரிஃப்டில். டிரிஃப்ட் என்றாலே ஆற்றைக் கடக்கும் துறை. நாம் கண்ணீர் விடும் அந்தக் கட்டடம் படையெடுத்துப் போனவர்களின் மருத்துவமனை, சரக்குக் கிடங்கு. இன்னும் ஒரு மாதம் பின்னால் போனால் 1878 டிசம்பர் 11. அன்றைக்குத்தான் பார்ட்டில் ஃப்ரியர் என்ற பிரிட்டிஷ் உயர் ஆணையர் (நம் பம்பாய்க்குக் கவர்னராக இருந்தவர்தான்) ஜூலு தூதர்களிடம் ஒரு கெடு கொடுக்க வைத்தார். முப்பது நாளில் உங்கள் படை அமைப்பையே கலைத்துவிடுங்கள், எங்கள் அதிகாரி ஒருவரை உங்கள் நாட்டில் உட்கார வையுங்கள் என்று. எந்த அரசனும் ஒப்புக்கொள்ள முடியாத நிபந்தனை என்று தெரிந்தே கொடுத்தது. அதே ஆண்டு எல்லைத் தகராறை விசாரிக்கப் பிரிட்டிஷார் போட்ட குழுவே ஜூலுக்களின் பக்கம்தான் பெரும்பாலும் நியாயம் என்று சொல்லியிருந்தது. ஆப்கன் போர் வேறு ஆரம்பித்துவிட்டது, இப்போது இன்னொரு போர் வேண்டாம் என்று லண்டன் சொல்லிக்கொண்டிருந்தது. ஃப்ரியர் கேட்கவில்லை.

இதில் ஒரு வரிகூடப் படத்தில் கிடையாது.

இதெல்லாம் தெரியாமல் முதன்முறை ‘ஜூலு’ போட்டபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? பார்வையாளர்களுக்குக் கொடுக்க நாலு பக்கக் குறிப்பு ஒன்று எழுதி இருநூறு பிரதி அச்சடித்தேன். முதல் வரியே, “தங்கள் மண்ணைக் காக்க ஓர் இரவு முழுக்கப் போராடிய 150 பேரின் கதை.” அழகாக இருப்பதாக நினைத்தேன். காலரியிலிருந்து கடைசி வரிசைவரை எல்லோர் கையிலும் அது போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு வந்திருந்தவர்களில் டர்பனைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார், எழுபது வயது இருக்கும். 1860இலிருந்து நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள் அல்லவா, அந்த வழியில் வந்த குடும்பம், வட ஆற்காட்டுப் பக்கம் முன்னோர் ஊரைத் தேடி வந்தவர். படம் முடிந்து எல்லோரும் கை தட்டி ஓய்ந்த பிறகு, என் குறிப்பைக் கையில் பிடித்தபடி எழுந்தார். ஆங்கிலமும் தமிழும் கலந்து மெதுவாகக் கேட்டார்: “தம்பி, இதில் யாருடைய மண்? வீட்டுக்காரர் யார், வந்தவர் யார்?” அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. நான் பதில் தேடி அச்சடித்த தாளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இருநூறு தாளையும் திரும்ப வாங்க முடியவில்லை. அதில் ஒன்றிரண்டைப் பார்த்து வேறு ஊர்களில் அதே வரியைச் சொல்லித் திரையிட்டதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். அந்த வரி என் பெயரோடு இன்னும் எங்காவது இருக்கும்.

அன்று அவர் சொல்லித்தான் இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. படம் எடுத்தது நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில், டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில். நூற்றுக்கணக்கான ஜூலு மக்கள் நடித்தார்கள். ஆனால் படம் வந்தபோது அந்த நாட்டின் தியேட்டர்களில் கறுப்பின மக்கள் அதைப் பார்க்க அரசு அனுமதிக்கவில்லை. நடித்தவர்களுக்காக ஒருசில தனிக் காட்சிகள், அவ்வளவே.

சரி, இந்தத் தவறின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெட்கப்பட்டு நான் அடுத்த தடவை அந்தப் பக்கம் சாய்ந்தேன். “ஜூலுக்கள் தங்கள் நாட்டுக்குள் இருந்த முகாமைத் தாக்கினார்கள்” என்று பேசினேன். அதுவும் தவறு. ரோர்க்ஸ் டிரிஃப்ட் ஆற்றின் நெட்டால் பக்கத்தில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. எல்லை தாண்டி நெட்டாலுக்குள் போகக் கூடாது என்று செட்ஷ்வாயோ சொல்லியிருந்தார். இசாண்டில்வானாவில் சண்டையிடும் வாய்ப்புக் கிடைக்காத படைப்பிரிவுகளை அழைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை மீறிப் போனவர் அரசரின் தம்பி டபுலமன்சி. “அவர்கள்தானே தேடி வந்து தாக்கினார்கள்” என்று போன மாதம் ஓர் இளைஞர் சொன்னார். அன்று மாலையை மட்டும் எடுத்தால் அவர் சொன்னது சரி. பதினோரு நாளையும் எடுத்தால் நிற்காது. வாதாடுகிறவர்கள் முதலில் எந்தத் தேதியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிவிட்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

“அந்தக் காலம் அப்படி, அன்றைக்கு யாருக்குத் தெரியும்?”

தெரிந்தவர்கள் இருந்தார்கள். நெட்டால் பிஷப் ஜான் கொலென்சோ அந்தப் போரை நடக்கும்போதே எதிர்த்தார், இசாண்டில்வானாவில் தன் ஊர்க்காரர்கள் செத்த சில வாரங்களிலேயே பிரசங்க மேடையில் நின்று எதிர்த்தார். 1879 கடைசியில் கிளாட்ஸ்டன் ஸ்காட்லாந்துத் தேர்தல் கூட்டங்களில், பீரங்கிக்கு முன்னால் வெற்று உடம்போடு தங்கள் வீட்டைக் காக்க முயன்றதைத் தவிர வேறு குற்றம் செய்யாத ஜூலுக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள் என்று பேசினார். அவர் அடுத்த வருஷம் பிரதமராகவும் ஆனார். காலத்தின் மேல் பழியைப் போட்டால் இவர்களை மறந்ததாகிவிடும்.

“ஏகாதிபத்தியப் படம்” என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவது

எண்ட்ஃபீல்ட் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கி, பிழைக்க வழியில்லாமல் பிரிட்டன் வந்தவர். தயாரிப்பிலும் பங்கெடுத்த பேக்கர் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். இவர்கள் ராணிக்குக் கொடி பிடிக்க வந்தவர்கள் இல்லை. சண்டை ஓய்ந்த பிறகு கெய்ன் நடித்த பிராம்ஹெட் வெட்கமாக இருக்கிறது என்று சொல்கிற காட்சியைக் கவனியுங்கள், வெற்றி முழக்கம் அங்கே இல்லை. கேடயத்தில் ஈட்டி தட்டும் ஓசை மலைக்குப் பின்னாலிருந்து ரயில் வருகிற மாதிரி நெருங்குவதும், மூன்று வரிசையாக நின்று மாறி மாறிச் சுடுகிற அந்தக் கடைசிக் காட்சியும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் தாக்க வரும் அத்தனை ஆயிரம் பேரில் பெயர் சொல்லி நினைவு வைத்துக்கொள்ள ஒரு முகத்தைக்கூட அந்தப் படம் கொடுக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும், சொல்ல வேண்டும்.

“ஜூலு இளவரசரே நடித்திருக்கிறாரே!”

செட்ஷ்வாயோவாக நடித்தவர் மங்கோசுத்து பூதெலேசி. செட்ஷ்வாயோ அவருக்குத் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா. பின்னாளில் மண்டேலா அமைச்சரவையில் உள்துறை அமைச்சராக இருந்தவர். உண்மைதான். அதை வைத்துப் படத்தின் கதைக்கு நற்சான்று எழுதாதீர்கள், அவர் கதை எழுதவில்லை.

கடைசி சல்யூட்டை வரலாறு என்று நம்புவது

மலை உச்சியில் வரிசையாக நின்று, வீரர்களே உங்களுக்கு எங்கள் வணக்கம் என்று ஜூலுக்கள் பாடிவிட்டுப் போகிறார்கள். கண்ணில் தண்ணீர் வரும். அப்படி நடக்கவில்லை. விடிந்ததும் ஜூலு படை ஒன்று மலைமேல் தெரிந்தது நிஜம், ஆனால் அவர்கள் நாள் கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் ஓடி வந்தவர்கள், செல்ம்ஸ்ஃபோர்டின் மிச்சப் படை வேறு வந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய்விட்டார்கள். பிரிட்டிஷ் பக்கம் 17 பேர் இறந்தார்கள். மதிலைச் சுற்றி 350க்கு மேல் ஜூலு உடல்கள் எண்ணப்பட்டன. அதற்குப் பிறகு, காயத்தோடு கிடந்த ஜூலுக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அந்தக் காலைப்பொழுதைப் படம் காட்டவில்லை. அதன் இடத்தில்தான் அந்த வணக்கம் வந்து நிற்கிறது. எதிரியே நம்மை மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு நாமும் வீட்டுக்குப் போகிறோம்.

பெயரை நம்பி ஆளை எடைபோடுவது

ஹென்றி ஹூக்கைப் படம் குடிகாரனாக, வேலைக்கள்ளனாகக் காட்டுகிறது. நிஜ ஹூக் குடிக்காத, நல்ல பெயர் எடுத்த சிப்பாய். பற்றி எரிகிற மருத்துவமனையில் சுவரை உடைத்து நோயாளிகளை வெளியே இழுத்தவர், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர்.

பதினோரு விக்டோரியா கிராஸ்

அந்த ஓர் இரவுக்குப் பதினொன்று கொடுத்தார்கள். வீரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே நாள் பத்து மைல் தள்ளி இசாண்டில்வானாவில் பட்ட அடியிலிருந்து மக்கள் கவனத்தைத் திருப்ப அரசுக்கும் செல்ம்ஸ்ஃபோர்டுக்கும் ஒரு நல்ல செய்தி தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1979 படத்தை விட்டுவிடுவது

‘ஜூலு டான்’ என்று ஒன்று 1979இல் வந்தது. எண்ட்ஃபீல்டும் திரைக்கதையில் இருந்தார். ஃப்ரியரின் கெடு, ஆற்றைக் கடப்பது, இசாண்டில்வானா எல்லாம் அதில்தான் இருக்கிறது. முதல் படத்தின் இறுக்கம் இதற்கு இல்லை, பாதியில் சிலர் எழுந்து போவார்கள். அதனால் முழுசாகப் போட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த முறை அதன் முதல் அரைமணி நேரத்தை ஓட்டிவிட்டு, டீ கொடுத்துவிட்டு, அப்புறம் ‘ஜூலு’. குறிப்புத் தாளின் முதல் வரியில் 1879 ஜனவரி 11, 22 என்று இரண்டு தேதிகள் மட்டும்.