மைபிபியில் எச்சரிக்கைப் புள்ளிகளும் தடைகளும்: சதவீதத்தில் சறுக்கியவன் எழுதும் செய்முறை

எங்கள் மாடித்தோட்டக் கருத்துக்களத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். மண்கலவை பற்றிய இழையில் சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைக்கும் முறையை எழுதிவிட்டார். புதிதாக அமைத்த எச்சரிக்கை முறையைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில், தலைப்பு விலகியதற்காக அவருக்கு ஒரே ஒரு எச்சரிக்கைப் புள்ளி கொடுத்தேன். அடுத்த நொடியே அவர் தடை செய்யப்பட்டார். மாலையில் தொலைபேசி வந்தது. “என் குழம்பில் அப்படி என்ன குறை கண்டாய் தம்பி?”

தவறு மென்பொருளுடையது இல்லை, என்னுடையது. அதே பள்ளத்தில் நீங்களும் விழாமல் இருக்க இந்தப் பதிவு. கருத்துக்களம் நடத்த உதவும் மென்பொருளான மைபிபியை நிறுவி, பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்களையும் நியமித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: உச்சவரம்பு

நிர்வாகப் பலகையில் கான்ஃபிகரேஷன் பகுதிக்குள் வார்னிங் சிஸ்டம் அமைப்புகளைத் திறந்து, முறையை இயக்குங்கள். அங்கேயே ஓர் உறுப்பினர் அதிகபட்சம் எத்தனை புள்ளி வரை வாங்கலாம் என்ற எண் இருக்கும். அது 10 என்றே இருக்கட்டும். மனக்கணக்குக்கு வசதி, ஒரு புள்ளி என்றால் 10 சதவீதம்.

மட்டுறுத்துநர்கள் தாமே காரணம் எழுதி, தாமே புள்ளி முடிவு செய்யும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு. அதை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். ஒருவர் இரண்டு புள்ளி தரும் குற்றத்துக்கு இன்னொருவர் ஆறு தந்தால், அதன் பிறகு களத்தில் செடியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், பாரபட்சத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் தமக்கு எத்தனை எச்சரிக்கை இருக்கிறது என்பதை உறுப்பினர் பார்க்கும் வசதியைக் கட்டாயம் திறந்து வையுங்கள்.

இரண்டாம் படி: எச்சரிக்கை வகைகள்

யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் பகுதியில் வார்னிங் சிஸ்டம் பக்கத்துக்குப் போனால் வகைகளைச் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் பெயர், புள்ளி, எவ்வளவு காலத்தில் அது காலாவதியாகும் என்ற மூன்றும் வேண்டும். தொடக்கத்தில் பதினான்கு வகை வைத்திருந்தேன். எதை எடுப்பது என்று மட்டுறுத்துநர்களே குழம்பினார்கள். இப்போது மூன்றுதான். தலைப்பு விலகல் 1 புள்ளி, ஒரு மாதம். வசைச்சொல் 4 புள்ளி, மூன்று மாதம். விளம்பரக் குப்பை 6 புள்ளி, ஆறு மாதம். ‘ஒருபோதும் காலாவதியாகாது’ என்ற தேர்வும் உண்டு. மூன்று ஆண்டுக்கு முன் கோபத்தில் எழுதிய ஒரு வரி இன்றும் ஒருவர் தலையில் தொங்குவது எனக்குப் பிடிக்காததால் அதைத் தொடுவதில்லை.

மூன்றாம் படி: நிலைகள் (நான் சறுக்கிய இடம்)

புள்ளி சேர்ந்தால் மட்டும் யாருக்கும் எதுவும் ஆகாது. எந்த அளவில் என்ன நடவடிக்கை என்பதை அடுத்த தாவலில், வார்னிங் லெவல்ஸ் என்பதில் சொல்ல வேண்டும். மூன்று நடவடிக்கைகள் உண்டு: பதிவுகள் ஒப்புதலுக்குப் பிறகே வெளியாவது, பதிவிடும் உரிமையைச் சில காலம் நிறுத்துவது, தடை.

அங்கே இருக்கும் எண்கட்டம் கேட்பது புள்ளியை இல்லை, உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்பதை. நான் படிக்காமல் 3, 6, 10 என்று நிரப்பினேன். மூன்று புள்ளிக்கு ஒப்புதல், ஆறுக்கு நிறுத்தம், பத்துக்குத் தடை என்பது என் மனக்கணக்கு. மைபிபி படித்ததோ மூன்று சதவீதம், ஆறு சதவீதம், பத்து சதவீதம். பெரியவருக்குப் போன ஒரு புள்ளி பத்தில் ஒன்று, அதாவது 10 சதவீதம். எட்டிய நிலைகளில் உயர்ந்தது எதுவோ அதையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஆகவே முதல் இரண்டையும் தாண்டி நேராகத் தடை.

சரியான எண்கள் 30, 60, 100. முப்பதில் ஏழு நாள் ஒப்புதல், அறுபதில் ஏழு நாள் நிறுத்தம், நூறில் முப்பது நாள் தடை. நிரந்தரத் தடையைத் தானியங்கியிடம் ஒப்படைக்காதீர்கள். அதை மனிதர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று: பின்னாளில் உச்சவரம்பை 10லிருந்து 20 ஆக்கினால் எல்லாருடைய சதவீதமும் பாதியாகும். ஆறு புள்ளிக்காரர் 60லிருந்து 30க்கு இறங்கிவிடுவார். முதலிலேயே முடிவு செய்துவிட்டு அப்புறம் அதில் கை வைக்காதீர்கள்.

பெரியவரின் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றேன். அதற்கும் காரணம் எழுதச் சொல்லும். புள்ளி போனது, தடை போகவில்லை. பேனிங் பக்கத்துக்குப் போய் அதைத் தனியாக நீக்க வேண்டியிருந்தது.

நான்காம் படி: சோதனை

போலி உறுப்பினர் ஒருவரை உருவாக்கி, வேறு உலாவியில் அவராக உள்ளே நுழையுங்கள். ஒவ்வொரு புள்ளியாகக் கொடுத்து 30, 60, 100 மூன்றிலும் என்ன நடக்கிறது என்று அவர் கண்ணால் பாருங்கள். பத்து நிமிட வேலை. நான் இதைச் செய்திருந்தால் குழம்புக்கதையே இல்லை.

நிஜமாக எச்சரிக்கும்போது, குறிப்பிட்ட பதிவின் கீழுள்ள பொத்தானையே அழுத்துங்கள். எந்தப் பதிவுக்காக என்பது ஆவணமாக நிற்கும். கூடவே தனிமடலும் அனுப்புங்கள். இரண்டு வரி போதும்.

ஐபி தடை, அதாவது உறுப்பினர் இணையத்தில் நுழையும் எண் முகவரியையே மறிப்பது பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அது பிடிக்காது. கைப்பேசி வலையமைப்புகளில் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் பலர் இருப்பார்கள், அந்த முகவரியும் மாறிக்கொண்டே இருக்கும். முகவரியின் கடைசிப் பகுதிக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டு, ஒரு வரிசை முகவரிகள் முழுவதையும் ஒருமுறை மறித்தேன். குப்பை போட்டவர் மறுநாளே வேறு முகவரியில் வந்துவிட்டார். விதை பரிமாற வந்த மூன்று பேர்தான் வாசலில் நின்றார்கள்.

பின்சேர்க்கை 1: எச்சரிக்கைப் பொத்தானே தெரியவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். மட்டுறுத்துநர் குழுவின் அனுமதிகளில் பிறரை எச்சரிக்கும் உரிமை தனியாக உண்டு, அதைத் தேர்வு செய்யுங்கள். நாளொன்றுக்கு எத்தனை எச்சரிக்கை என்ற வரம்பும் அருகிலேயே இருக்கிறது. குப்பை கொட்டும் நாளில் அந்த வரம்பு கையைக் கட்டிவிடும்.

பின்சேர்க்கை 2: காலம் முடிந்தும் புள்ளி குறையவில்லை என்று இன்னொருவர் கேட்டார். காலாவதிக் கணக்கை யூசர் கிளீனப் என்ற பின்னணிப் பணி பார்த்துக்கொள்கிறது. யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் இப்படிப்பட்ட பணிகள் ஓடும். ஆள் நடமாட்டம் குறைந்த களத்தில் தாமதமாகும். அவர் களத்திலோ அந்தப் பணியே முடக்கப்பட்டுக் கிடந்தது. டாஸ்க் மேனேஜரில் அதை இயக்கி ஒருமுறை கையால் ஓடவிட்டதும் புள்ளிகள் குறைந்தன.