அறிதிறன் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்புவது எப்படி? தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கான செய்முறை விளக்கம்

அறிதிறன் அறிவியல் ஒரு தனித்துறையாகப் பிறந்ததன்று. உளவியல், மொழியியல், கணினி அறிவியல், நரம்பியல், மெய்யியல், மானுடவியல் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் மனம் இயங்கும் விதத்தைப் பற்றி ஒரே அரங்கில் பேச முற்பட்டதிலிருந்து அது வளர்ந்தது. ஆகவே நினைவாற்றலைப் பற்றி நீங்கள் செய்த பரிசோதனையின் சுருக்கத்தை ஒரு மொழியியலாளரோ, கணினி மாதிரிகளை உருவாக்குபவரோ படித்து மதிப்பிட நேரலாம். கேள்வியும் விடையும் பக்கத்துத் துறைக்காரருக்கும் விளங்கும்படி எழுதுவதே இந்த வேலையின் மையம். மற்றப் படிகளெல்லாம் அதற்குத் துணை செய்பவை.

படி 1: அழைப்பு அறிவிப்பை முழுமையாகப் படியுங்கள்

ஒவ்வொரு மாநாடும் ஆய்வுகளை வரவேற்று ஓர் அறிவிப்பு வெளியிடும். அதில் முதலில் பார்க்க வேண்டியது சமர்ப்பிப்பின் வகை. அறிதிறன் அறிவியல் சங்கம் 1979-இல் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. இன்று அதன் ஆண்டு மாநாட்டுக்கு ஆறு பக்க முழுக் கட்டுரையும் அனுப்பலாம், சுருக்கம் மட்டும் அனுப்பும் வழியும் உண்டு. முழுக் கட்டுரை ஏற்கப்பட்டால் மாநாட்டுத் தொகுப்பில் வெளியாகும். உளவியலைவிடக் கணினி அறிவியலில் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்பதால், உங்கள் துறையில் எது பயன்படும் என்று நெறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வு பாதி வழியில் இருந்தாலோ, அதே முடிவுகளைப் பின்னர் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தாலோ, சுருக்கமே பொருத்தமானது என்பது என் கருத்து.

சொல் வரம்பு, ஒருவர் முதல் ஆசிரியராக எத்தனை அனுப்பலாம், சங்க உறுப்பினராக இருப்பது கட்டாயமா என்பவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. சென்ற ஆண்டு அனுப்பிய நண்பரின் நினைவை நம்பாமல், இந்த ஆண்டின் அறிவிப்பையே பாருங்கள்.

படி 2: கேள்வியையும் கண்டறிந்ததையும் முதலில் எழுதுங்கள்

பெரும்பாலோர் பின்னணியிலிருந்து எழுதத் தொடங்கி, முடிவுக்கு வரும்போது சொல் வரம்பைத் தொட்டுவிடுகிறார்கள். அதற்கு மாறாக, வெற்றுத் தாளில் இரண்டே வாக்கியங்களை எழுதுங்கள்: நான் கேட்ட கேள்வி என்ன, எனக்குத் தெரியவந்தது என்ன. இந்த இரண்டும் தெளிவாகும்வரை மற்ற எதையும் எழுத வேண்டாம்.

விளக்கத்துக்காக ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். பின்னணியில் யாரேனும் பேசிக்கொண்டிருந்தால், எண்களை வரிசை மாறாமல் நினைவில் வைத்திருப்பது கடினமாகிறது. பேச்சு புரியாத மொழியில் இருந்தாலும் இந்த இடையூறு நிகழ்கிறது என்பது 1970-களிலிருந்தே அறியப்பட்ட செய்தி. பேசுபவரின் குரல் பழக்கப்பட்டதாக இருந்தால் இடையூறு குறையுமா என்று நீங்கள் ஆராய்ந்ததாக வைத்துக்கொள்வோம். அதற்கான முதல் வரைவு இப்படித் தொடங்கக்கூடும்:

“நினைவாற்றல் மனித வாழ்வின் இன்றியமையாத கூறாகும். பல ஆய்வாளர்கள் நினைவாற்றலையும் ஒலியையும் ஆராய்ந்துள்ளனர். இவ்வாய்வு இத்துறையில் உள்ள இடைவெளியை நிரப்ப முயல்கிறது.”

இந்த மூன்று வாக்கியங்களையும் நினைவாற்றல் தொடர்பான எந்த ஆய்வின் தலையிலும் ஒட்டிவிடலாம். படிப்பவருக்கு உங்கள் ஆய்வைப் பற்றி இன்னும் எதுவுமே தெரியவில்லை. அதையே இப்படித் திருத்தலாம்:

“பின்னணிப் பேச்சு, பொருள் புரியாதபோதும், வரிசை நினைவைக் குலைக்கிறது. அந்த இடையூறு ஒலியின் மாற்றங்களால் மட்டுமே எழுகிறது என்றால், பழகிய குரலும் அந்நியக் குரலும் ஒரே அளவில் இடையூறு செய்ய வேண்டும். கவனம் சிதறுவதும் ஒரு காரணம் என்றால், பழகிய குரல் குறைவாகவே இடையூறு செய்ய வேண்டும்.”

இங்கே இரண்டு விளக்கங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் பொருள் என்ன என்பது வேறு துறைக்காரருக்கும் புரிகிறது. கோட்பாட்டு வேறுபாட்டை இப்படி ஓரிரு வாக்கியங்களில் நிறுத்திக் காட்டுவதே இந்தத் துறைச் சுருக்கங்களில் மிகக் கடினமான வேலை. உங்கள் உழைப்பில் பெரும்பங்கை இதற்கே கொடுங்கள்.

அடுத்து, செய்முறையை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள். பங்கேற்பாளர்கள் எத்தனை பேர், அவர்கள் செய்த பணி என்ன, நீங்கள் மாற்றியது எதை, அளந்தது எதை என்பவை போதும். எந்த மென்பொருளில் பரிசோதனையை ஓட்டினீர்கள் என்பது இங்கே தேவையில்லை. முடிவைச் சொல்லும்போது ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தது’ என்று நிறுத்திவிடாமல், எந்த நிலையில் கூடியது, எவ்வளவு கூடியது என்பதை அளவோடு சொல்லுங்கள். மறுவினை நேரமாக இருந்தால் மில்லிநொடிகளில் எழுதலாம், விளைவின் அளவையும், உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பக இடைவெளியையும் சேர்க்கலாம். ‘முடிவுகள் விவாதிக்கப்படும்’ என்ற வாக்கியத்தை எழுதவே வேண்டாம். தரவு சேகரிப்பு முடியவில்லை என்றால், இதுவரை எவ்வளவு திரட்டியிருக்கிறீர்கள், எந்தப் பகுப்பாய்வைத் திட்டமிட்டிருக்கிறீர்கள் என்பதை நேர்மையாகச் சொல்வது மதிப்பைக் குறைக்காது. கருதுகோளை முன்பதிவு செய்திருந்தால், அதாவது தரவைத் திரட்டும் முன்பே எழுதிப் பதிந்து வைத்திருந்தால், அதையும் குறிப்பிடுங்கள்.

படி 3: வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்

உங்கள் ஆய்வகத்தைச் சேராத ஒருவரிடம் வரைவைக் கொடுத்து, படித்து முடித்தபின் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஆய்வின் கேள்வி என்ன என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் திருத்த வேண்டியது உங்கள் எழுத்தை. விளக்காமல் விட்ட சுருக்கப் பெயர்களும், உங்கள் துறைக்குள் மட்டும் புழங்கும் பரிசோதனைப் பணிகளின் பெயர்களும் இந்தச் சோதனையில்தான் பிடிபடும். இணை ஆசிரியர்கள் அனைவரும் இறுதி வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். ஆசிரியர் பெயர்களின் வரிசையையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

படி 4: பெயர் மறைப்பைச் சரிபாருங்கள்

இருபுறமும் பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால், தலைப்புக்குக் கீழுள்ள பெயர்களை நீக்குவது மட்டும் போதாது. ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்ற சொற்றொடர், நன்றியுரை, நிதி உதவிக் குறிப்பு, பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் தங்கியிருக்கும் ஆசிரியர் பெயர் ஆகிய எல்லாமே உங்களைக் காட்டிக்கொடுக்கும். தரவுக்கு இணைப்புக் கொடுப்பதானால், ஆய்வுக் கோப்புகளைப் பகிர உதவும் ஓஎஸ்எஃப் (OSF) தளத்தில் பெயர் மறைந்த, பார்வைக்கு மட்டுமான இணைப்பை உருவாக்கும் வசதி இருக்கிறது.

படி 5: தளத்தில் ஏற்றுங்கள்

ஈஸிசேர், ஓப்பன்ரிவ்யூ போன்ற தளங்கள் வழியாகவே பல மாநாடுகள் சமர்ப்பிப்புகளைப் பெறுகின்றன. கணக்கு தொடங்குவதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஓப்பன்ரிவ்யூவில் நிறுவன மின்னஞ்சல் இல்லாமல் பதிவு செய்தால், அது சரிபார்க்கப்பட்டு ஒப்புதல் கிடைக்க இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். இணை ஆசிரியர்களுக்கும் கணக்கு தேவைப்படலாம்.

சுருக்கத்தைப் பெட்டியில் ஒட்டியபின் கிரேக்க எழுத்துகளும் மேலெழுத்து எண்களும் சிதையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். திறவுச்சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் அலட்சியம் வேண்டாம். உங்கள் சுருக்கம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அவை பெரும்பாலும் பயன்படுகின்றன. துறையின் பெயர் ஒன்று, ஆராயும் நிகழ்வு ஒன்று, முறை ஒன்று என்று கலந்து தேர்ந்தெடுப்பது நல்லது.

கடைசி நேரம் ‘பூமியில் எங்கேனும்’ என்ற கணக்கில் அறிவிக்கப்பட்டிருந்தால், அது உலகப் பொது நேரத்துக்கு 12 மணி நேரம் பின்தங்கியது. அதாவது அறிவித்த நாள் முடியும் நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி மறுநாள் நண்பகலில் வரும். இதைக் கூடுதல் அவகாசமாக எண்ணாமல் முதல் நாளே ஏற்றிவிடுங்கள். பல தளங்களில் கடைசி நேரம்வரை திருத்திய வடிவத்தை மாற்றி ஏற்ற முடியும்.

ஏற்றிய பின் அந்தக் கோப்பை நீங்களே தளத்திலிருந்து பதிவிறக்கித் திறந்து பாருங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரவில்லை என்றால், சமர்ப்பிப்பு வரைவு நிலையிலேயே நின்றுவிட்டதா என்று தளத்தில் பார்த்து, புரியாவிட்டால் சமர்ப்பிப்பு எண்ணுடன் ஏற்பாட்டாளர்களுக்கு உடனே எழுதுங்கள்.