இடி மின்னல் நேரத்தில் அச்சத்தைத் தணிப்பதும் உயிரைக் காப்பதும்

தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசி மாதங்களின் கோடை மழையும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களும் இடி மின்னல் மிகுந்த காலங்களாகும். பகலெல்லாம் வெயில் கொளுத்தியபின் மாலையில் கருமேகம் திரண்டு முதல் இடி உறுமும்போது, பல வீடுகளில் ஒருவர் உள்ளறைக்குள் போய்ப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்கிறார். இன்னொருவரோ காயப்போட்ட வடகமும் மிளகாயும் நனைந்துவிடுமே என்று மொட்டை மாடிக்கு ஓடுகிறார். முதலாமவர் பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு நடுங்குகிறார். இரண்டாமவர், சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருளாகத் தாமே நின்றுகொண்டு, நனைந்த துணிக்கொடிக் கம்பியைக் கையில் பிடித்தபடி, எந்த அச்சமும் இல்லாமல் துணி எடுக்கிறார். அச்சம் தேவையற்ற இடத்தில் அதைக் குறைத்து, தேவையான இடத்தில் அதைச் செயலாக மாற்றிக்கொள்வது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

இடி என்பது ஓசை மட்டுமே. மின்னல் பாயும் வழியிலுள்ள காற்று கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறித் திடீரென விரிவடைவதால் அந்த ஓசை பிறக்கிறது. ஒளி உடனே நம் கண்ணை அடைந்துவிட, நொடிக்குச் சுமார் 340 மீட்டர் மட்டுமே செல்லும் ஓசை பின்தங்கி வருகிறது. ஆகவே ஓர் இடி உங்கள் காதில் விழுகிறது என்றால், அதை உண்டாக்கிய மின்னல் உங்களைத் தாக்காமல் முடிந்துபோய்விட்டது என்று பொருள். வீட்டுக்குள் இருந்து அஞ்சுபவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த மின்னல் எங்கே விழும் என்பது வெளியில் இருப்பவர்களின் கவலை.

மின்னலைக் கண்டவுடன் நொடிகளை எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்போது நிறுத்தி, கிடைத்த எண்ணை 3-ஆல் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் வெட்டியது என்பது தெரிந்துவிடும். எண்ணிக்கை 30-க்குள் இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே வெட்டக்கூடும் என்பதால் வெளியில் இருப்பவர்கள் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மழை பெய்யும் இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் தாக்கும் என்பதால், எண்ணிப் பார்க்க வாய்ப்பில்லாதபோது இடி காதில் விழுந்தாலே போதும், உள்ளே போய்விடலாம். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் கழிந்த பிறகே வெளியே வர வேண்டும். மழை விட்டதும் வயலுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அவசரமாகத் திரும்புவது, பாதுகாப்பாகக் காத்திருந்த பயனையே கெடுத்துவிடும்.

வீட்டுக்குள் இருந்தும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால், முதலில் மூச்சைக் கவனியுங்கள். 4 எண்ணும் நேரம் மூக்கால் இழுத்து, 6 முதல் 8 வரை எண்ணும் நேரம் மெதுவாக வெளியே விட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம், ஏனெனில் இதயத் துடிப்பைத் தணிப்பது அந்த நீண்ட வெளிமூச்சுதான். இடி இடிக்கும்போது 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்லப் பழக்கிய பாட்டிமார்களை நினைத்துச் சிரிக்க வேண்டியதில்லை. அந்தப் பெயர் மின்னலைத் திருப்பிவிடாது என்றாலும், வாயும் மனமும் ஒரு வேலையில் ஈடுபடுவதாலும் மூச்சு சீராக வெளியேறுவதாலும் நடுக்கம் ஓரளவு குறையவே செய்யும்.

அச்சத்தை வளர்ப்பவை சில பழக்கங்கள்தாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வானிலைச் செயலியைத் திறந்து பார்ப்பதும், மேகம் கறுத்தாலே பயணத்தையும் வேலையையும் தள்ளிவைப்பதும், அந்த நேரத்துக்கு ஆறுதல் தந்தாலும், 'தப்பித்ததால்தான் பிழைத்தேன்' என்ற எண்ணத்தை மனத்தில் ஆழமாகப் பதித்துவிடுகின்றன. முன்னறிவிப்பைக் காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை பார்த்தால் போதும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி, உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் எல்லைக்குள் மின்னல் வெட்டினால் எச்சரிப்பதால், வெளி வேலை செய்பவர்களுக்கு அது மிகவும் பயன்படும். வீட்டில் அமர்ந்து அஞ்சுபவர் அதை நொடிக்கு நொடி பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீண்ட நாள் அச்சத்துக்கு உளவியலாளர்கள் கையாளும் முறை, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகப் பழக்குவதாகும். வானம் தெளிந்திருக்கும் நாளில், கைப்பேசியில் பதிவு செய்யப்பட்ட இடியோசையை, காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும் அளவில் பத்து நிமிடம் ஒலிக்க விடுங்கள். படபடப்பு பாதியாகக் குறையும்வரை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒலியைச் சற்றுக் கூட்டலாம். ஒரே நாளில் முழு ஒலியில் கேட்டுத் துணிச்சலைக் காட்ட முயன்றால் அச்சம் கூடிவிடும். குழந்தைகளுக்கு இடியச்சம் இயல்பானது, பெரும்பாலும் வளர வளரத் தானாக விலகிவிடும். மடியில் அமர்த்தி, மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுவதை ஒரு விளையாட்டாக்கினால் போதும். 'சொன்னபடி கேட்காவிட்டால் இடி விழும்' என்று மட்டும் மிரட்ட வேண்டாம். ஆறு மாதங்களுக்கு மேலாக அச்சம் நீடித்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுக்குமானால், மனநல மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. இந்தியாவில் 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. மேகம் கூடும்போதே தொலைக்காட்சி, கணினி, இணைய மோடம் ஆகியவற்றின் பிளக்குகளையும் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தலைக்கு மேல் வந்துவிட்ட பிறகு அவற்றைத் தொட வேண்டாம். வயர் வழியாகவும் உலோகக் குழாய் வழியாகவும் மின்னோட்டம் உள்ளே வரக்கூடும் என்பதால் குளிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் தள்ளிப்போடுங்கள், கம்பி பதித்த கான்கிரீட் சுவரில் சாய்வதையும் தவிருங்கள். சார்ஜரில் மாட்டாத கைப்பேசியைப் பயன்படுத்துவதில் ஆபத்தில்லை. கைப்பேசி மின்னலை இழுக்கும் என்பது வெறும் புரளி.

உண்மையான ஆபத்து வெளியில்தான் காத்திருக்கிறது. 2022-இல் மட்டும் இந்தியாவில் 2,887 பேர் மின்னல் தாக்கி உயிரிழந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இத்தகைய சாவுகளில் மிகப் பல வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் மரத்தடியிலும் நேர்பவை. நாற்று நடும் பெண்களும் நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் மழை வந்ததும் முதலில் தேடுவது புளியமரத்தையோ வேப்பமரத்தையோதான். ஆனால் அதைவிட மோசமான இடம் வேறில்லை. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவுவதோடு நின்றுவிடாமல், வேரைச் சுற்றியுள்ள ஈரத் தரையிலும் பரவுகிறது. அப்போது ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, மின்னோட்டம் உடலுக்குள் ஏறுகிறது. மாடுகளின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தொலைவு அதிகம், அந்த வழியில் இதயமும் அமைந்திருக்கிறது என்பதால்தான் ஒரே மின்னலில் மரத்தடி மாடுகள் கூட்டமாக மடிகின்றன.

ஓலைக் கொட்டகை, பக்கங்கள் திறந்த தகரக் கொட்டகை, பேருந்து நிழற்குடை, மோட்டார் பம்பு செட்டின் சிறு கூரை ஆகியவை மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்கா. மின் இணைப்பும் குழாய் இணைப்பும் கொண்ட காரை வீடு, பள்ளிக் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார், பேருந்து ஆகியவற்றுக்குள் இருக்க வேண்டும். காரைக் காப்பது அதன் ரப்பர் டயர் அன்று, மின்னோட்டத்தை வெளிப்புறமாகவே தரைக்கு இறக்கிவிடும் உலோகக் கூடுதான். எனவே இருசக்கர வண்டியும் ஆட்டோவும் கூரையில்லா டிராக்டரும் காப்பாற்றா. ரப்பர் செருப்பையும் நம்ப வேண்டாம். குளத்திலும் ஆற்றிலும் இருப்பவர்கள் உடனே கரையேற வேண்டும். மீன்பிடிக்கச் சென்ற படகு முதல் இடியிலேயே கரைக்குத் திரும்புவதுதான் அறிவுடைமை. எங்கும் ஒதுங்க வழியில்லாத வெட்டவெளியில், மண்வெட்டியைக் கீழே போட்டு, ஒருவருக்கொருவர் விலகி, கட்டடம் இருக்கும் திசை நோக்கி நடந்துகொண்டே இருங்கள். உடல் சிலிர்த்து மயிர் குத்திட்டு நின்றால் மின்னல் விழப் போகிறது. அந்த நொடியில் மட்டும் இரு பாதங்களையும் ஒட்டவைத்துக் குந்தி, காதுகளைப் பொத்திக்கொள்ளலாம். அது கடைசி முயற்சி, பாதுகாப்பன்று. தரையில் படுத்துவிடவே கூடாது.

எவரேனும் தாக்கப்பட்டால், அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று அஞ்சித் தொடாமல் நிற்க வேண்டாம். அப்படி எதுவும் தங்குவதில்லை. முடிந்தால் அவரை மரத்தடியிலிருந்து அகற்றி, 108-ஐ (இலங்கையில் 1990-ஐ) அழையுங்கள். மூச்சில்லை, அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள். மின்னல் தாக்கியவருக்கு இதயம் தானாக மீண்டும் துடிக்கத் தொடங்கினாலும் மூச்சு திரும்பத் தாமதமாகலாம் என்பதால், பயிற்சி பெற்றவர் அருகில் இருந்தால் 30 அழுத்தங்களுக்கு ஒருமுறை வாய்வழியே 2 முறை மூச்சூட்ட வேண்டும். பலர் தாக்கப்பட்டிருந்தால் முனகுபவர்களிடம் முதலில் ஓடாமல், அசையாமல் கிடப்பவரிடம் முதலில் செல்லுங்கள். மற்றவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். எழுந்து நடப்பவரானாலும், செவிப்பறை கிழிந்திருக்கலாம், இதயத் துடிப்பு தடுமாறியிருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.