கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு நாப் செட் பண்றது எப்படி

காரைக்குடி பக்கம் கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க ஒரு யூஎஸ்பி நாப் (கம்ப்யூட்டர்ல சொருகிக்கிற, திருப்பவும் அமுக்கவும் முடியுற குமிழ்) வாங்கி வச்சுக்கங்க, அவ்வளவு உதவியா இருக்கு. கம்ப்யூட்டர் இதை கீபோர்டுனுதான் எடுத்துக்கும், அதனால வயா (VIA, எந்த கீயா வேலை செய்யணும்னு மாத்துற சாஃப்ட்வேர்) சப்போர்ட் இருக்கான்னு பாத்து வாங்குனா குரோம்லயே கீயை மாத்திக்கலாம், செட்டிங் நாப்லயே சேவ் ஆயிடும். அடோபி பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு இடப்பக்கம் திருப்புனா லெஃப்ட் ஆரோ, வலப்பக்கம் ரைட் ஆரோ, அமுக்குனா ஸ்பேஸ், இவ்வளவு போதும்.

நாப்பை திருப்பும்போது வர்ற ஒரு டிக்குக்கு ஒரு ஃப்ரேம் நகரும், செகண்டுக்கு 25 ஃப்ரேம் வீடியோன்னா 0.04 செகண்டு, திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) கழுத்துரு, அதாவது செட்டிநாட்டுத் தாலி, கழுத்துல ஏறுற எடத்துல கரெக்டா நிறுத்தலாம், மவுஸ்ல இழுத்தா தாண்டிப் போயிரும். வேகமா போகணும்னா கீபோர்டுல ஷிஃப்டை அமுக்கிட்டே திருப்புங்க, 5 ஃப்ரேமா போகும். நாப்பை இடது கைப்பக்கம் வைங்க, மவுஸ் வலது கையிலயே இருக்கட்டும்.