பில்ட் பேக்கேஜ்களை மறைக்கலாமா? பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலநிரலைக் கம்பைல் செய்து நிரலைக் கட்டும்போது (அதாவது பில்ட் செய்யும்போது) மட்டும் தேவைப்பட்டு, நிரல் ஓடும்போது தேவைப்படாத பேக்கேஜ்கள் எல்லா லினக்ஸ் விநியோகத்திலும் உண்டு. பைசன் (Bison), நிஞ்சா போன்ற பில்ட் கருவிகள், ஹெடர் கோப்புகள் அடங்கிய 'டெவ்', 'டெவல்' பேக்கேஜ்கள் எல்லாம் இந்த வகை. இவற்றைப் பயனர் கண்ணில் படாமல் வைக்கலாமா என்று பேச ஆரம்பித்தால் ஐந்தே நிமிடத்தில் பேச்சு தடம் மாறிவிடும். 'மறைப்பது' என்ற ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டு பேசுவதுதான் காரணம்.

தேடல் பட்டியலில் காட்டாமல் இருப்பது ஒன்று. தனி ரெப்போவில் (பேக்கேஜ் களஞ்சியத்தில்) போட்டு, அதை அணைத்து வைப்பது இன்னொன்று. பில்ட் சர்வரோடு நிறுத்திக்கொண்டு வெளியே விடாமலே இருப்பது மூன்றாவது. முதலாவதால் யாருக்கும் நஷ்டமில்லை. க்னோம் சாஃப்ட்வேர் போன்ற நிறுவும் கருவிகள் செயலிகளை மட்டும் காட்டி அதைத்தான் செய்கின்றன. அந்த நியாயத்தையே மூன்றாவதற்கும் நீட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இரண்டாவதும் அவ்வளவு சாது இல்லை. சென்ட்ஓஎஸ் 8 விநியோகத்தில் சிமேக் என்ற பில்ட் கருவி வழக்கமான ரெப்போவிலேயே கிடைத்தது. அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் நிஞ்சாவோ, அணைத்து வைக்கப்பட்ட பவர்டூல்ஸ் ரெப்போவில் இருந்தது. அதை நிறுவப் போனால் 'பொருந்தும் பேக்கேஜ் இல்லை' என்று பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிஎன்எஃப் சொல்லும். பேக்கேஜ் இருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது என்று சொல்லாது. போதாக்குறைக்கு 8.3-ல் ரெப்போ பெயரின் பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்கினார்கள். பழைய பெயரை நம்பியிருந்த ஸ்கிரிப்டுகள் உடைந்தன. 9-ல் பெயரே சிஆர்பி (கோட்ரெடி பில்டர்) ஆகிவிட்டது. மறைப்பதென்றால் பிழைச்செய்தியாவது வழி காட்ட வேண்டாமா?

'சாதாரணப் பயனருக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்கள், ஒரு பேட்ச் (சிறு திருத்தம்) போட்டு மறுபடி பில்ட் செய்பவரும் பயனர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். டெபியன் விநியோகத்தில் இதற்கு விதியே இருக்கிறது: 'மெய்ன்' என்ற முதன்மைப் பகுதியில் உள்ள பேக்கேஜை பில்ட் செய்யத் தேவையானவையும் மெய்னிலேயே இருக்க வேண்டும்.

அப்புறம், 'பில்டுக்கு மட்டும்தானே, பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன?' என்ற எண்ணம். இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. ஃபெடோராவிலும் டெபியனிலும் ரஸ்ட் மொழி நூலகங்கள் மூலநிரலாகவே பேக்கேஜ் ஆகின்றன. காகிதத்தில் அவை பில்டுக்கு மட்டும். ஆனால் அந்த நிரல் அப்படியே இறுதி பைனரிக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதில் ஓட்டை கண்டுபிடித்தால் நூலகத்தைப் புதுப்பித்து மட்டும் பயனில்லை, அதைச் சேர்த்துக் கட்டிய ஒவ்வொன்றையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் 2024-ல் வெளிப்பட்ட பின்கதவும் பில்ட் நேரத்தில் ஓடும் ஒரு எம்4 ஸ்கிரிப்ட் கோப்பு வழியாகத்தான் நுழைந்தது. யாரும் பார்க்காத மூலையில்தான் இப்படிப்பட்டவை தங்கும்.

எதையும் மறைக்கக் கூடாது என்னும் எதிர்த்தரப்பும் தவறு செய்கிறது. 'ஜிபிஎல் உரிமம் இருக்கிறதே, எல்லாக் கருவியையும் கொடுத்தே ஆக வேண்டும்' என்பது சரியல்ல; பொதுவாகக் கிடைக்கும் கருவிகளை மாற்றாமல் பயன்படுத்தினால், அவற்றையும் தரும்படி ஜிபிஎல் 3 கேட்பதில்லை. வெளியிட்டால் ஆதரவும் தர வேண்டும் என்றும் இல்லை. ரெட் ஹாட் தன் கோட்ரெடி பில்டர் ரெப்போவுக்கு ஆதரவு இல்லை என்று சொல்லியே கொடுக்கிறது. பராமரிப்பவர்கள் உண்மையில் பயப்படுவது வந்து குவியும் பிழைப் புகார்களுக்கு. அதற்கு 'ஆதரவில்லை' என்று தெளிவாக எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.